பூவோட்டு நெருப்பும் புழுதிப் பாடமும்

பிள்ளைகளைப் புழுதியில் உருளவைக்கிறேன் என்று என்மேல் புகார் போனது. உண்மைதான், உருளவைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பீளமேட்டுப் பக்கம் ஓலைக் கூரையின் கீழ் நடந்த சின்னப் பள்ளியில் நான் டீச்சர். விறகடுப்பும் சிமினி விளக்கும் எரியும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகளுக்கு அகரத்துக்கு முன்னால் இதுதான் பாடம் என்று நானே முடிவு செய்தேன். துணியில் தீப்பிடித்தால் ஓடாதே, முகத்தைப் பொத்து, படு, உருள்.

பள்ளியை நடத்திய பெரிய விவசாயியை ஊரே பண்ணாடி என்றுதான் அழைக்கும். குடையோடு வந்து நின்றார்.

“ஏனுங்க டீச்சரம்மா, பொட்டப் புள்ளைகள மண்ணுல உருட்டறதெல்லாம் ஒரு படிப்புங்களா?”

“உசுரு இருந்தாத்தானுங்க மத்த படிப்பு” என்றேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. பாடத்தையும் நிறுத்தவில்லை.

அந்த ஆண்டு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பெண்கள் பூவோடு என்னும் தீச்சட்டி எடுத்து வந்தார்கள். வேப்பிலை சுற்றிய மண்சட்டியில் விறகு கொழுந்துவிட்டு எரியும், அதைக் கையில் ஏந்தி வருவார்கள். அந்த நெருப்பு அம்மனேதான், யாரையும் சுடாது என்பது ஊர் நம்பிக்கை. ஒரு சட்டியிலிருந்து விழுந்த கங்கு, தாயோடு நடந்துவந்த என் வகுப்புச் சிறுமியின் பாவாடையில் பற்றிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குடத்தோடு ஓடிய என் கையைப் பிடித்து, “ஆத்தா நெருப்புங்க, தண்ணி ஊத்தப்படாது” என்று தடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சிறுமி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முகத்தைப் பொத்தினாள், படுத்தாள், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே உருண்டாள். தீ அணைந்தது. கெண்டைக்காலில் கொப்புளத்தோடு தப்பினாள்.

மறுநாள் பண்ணாடி பள்ளிக்கு வந்தார். அம்மன் நெருப்பை மண்ணில் போட்டு நசுக்கியது தெய்வக் குற்றமாம். நான் கோயிலில் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாடத்தை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் வேறு டீச்சர் வருவாராம்.

“வரட்டுங்க. அவங்களுக்கும் உருளச் சொல்லிக் குடுத்துப்போட்டுத்தான் போவேன்” என்றேன். அந்த வேலை போனால் எனக்குச் சோறு கிடையாது.

அப்போது சிறுமியின் தாய் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். பண்ணாடியின் காட்டில் கூலிக்குப் போகிறவள், அவர் எதிரே வாய் திறந்ததே இல்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். அவர் காலில் விழப்போகிறாள் என்றே நினைத்தேன். அவளோ அவர் பார்த்திருக்கப் புழுதியில் மல்லாந்து படுத்தாள்.

“மொதல்ல மூஞ்சியப் பொத்தோணுங்களா, டீச்சரம்மா?” என்று கேட்டாள்.