திருப்பி மாட்டிப் பாருங்கள்

ஹெட்போனின் இடது பக்கம் செத்துக் கிடந்தது. என் நோயின் முதல் அறிகுறி அதுதான். நான் ஹெட்போனுக்குத்தான் நோய் என்று நினைத்தேன்.

போடியில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு ஸ்பீக்கர் மாட்டுவேன், ஹெட்போன் விற்பேன். எதையும் டோன் ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. உறுமலில் தொடங்கி ஊசி போல மெலிந்து ஏறும் ஒற்றை ஒலி அது. அன்று காலை இடது பக்கம் எதுவும் கேட்கவில்லை. அடுத்ததை மாட்டினேன். அதுவும் ஊமை. மூன்றாவதைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

என் மனைவியின் தம்பி செல்வம் ஜீப் ஓட்டுகிறவன். கடையில்தான் இருந்தான். ஒன்றை எடுத்துத் தன் காதில் வைத்தான்.

"நல்லாத்தான மச்சான் கூவுது! எதுக்குப் போட்டு ஒடைக்கிற? திருப்பி மாட்டிப் பாரு."

வலதை இடதாக மாட்டினால் கோளாறு கருவியிலா காதிலா என்று உடனே தெரிந்துவிடும். கடைக்கு வருகிறவர்களிடம் நானே அதைத்தான் சொல்வேன். திருப்பி மாட்ட எனக்குப் பயம். கையிலிருந்த ஸ்பீக்கர் காந்தத்தால் அவன் வாயில் அடித்தேன். முன்பல் ஒன்று மேசையில் விழுந்தது.

"காது போனா ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆளையா அடிப்பீக?" என்றாள் என் மனைவி. மறுநாளே மதுரைக்கு இழுத்துப் போனாள்.

கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். ஒலி கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். டோன் என் தொழில். அதன் இடைவெளி என் விரலுக்குத் தெரியும். இடது காதில் ஒன்றும் கேட்காமலே கணக்குப் போட்டு அமுக்கினேன். சோதித்த பெண் கதவைத் திறந்தார்.

"அண்ணே, நான் சவுண்ட நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. நீங்க அமுக்கிக்கிட்டே இருக்கீங்க."

ஹெட்போனைப் பிடுங்கிக் கண்ணாடியில் எறிந்தேன். காவலாளிகள் என்னை வெளியே தள்ளினார்கள். ஊருக்கு வந்து காதில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு மூன்று வாரம் கிடந்தேன்.

பிறகு போடிமெட்டுச் சாலை வளைவில் ஒரு நாள் ஹாரன் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒதுங்குவதாக நினைத்து ஜீப்பின் முன்னாலேயே போனேன். தோள்பட்டை முறிந்தது. மதுரைக்கு ஏற்றிப் போனவன் செல்வம்.

"இந்தத் தடவ பொய்யா பட்டன அமுக்குன, இன்னொரு தோளையும் நானே ஒடிச்சிருவேன்."

தோளுக்குக் கட்டுப் போட்டதும் மறுபடியும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, இந்த முறை கேட்டதற்கு மட்டும் அமுக்கினேன். இது திடீர்ச் செவித்திறன் இழப்பு (உள்காது சட்டென்று செயலிழப்பது) என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) முதல் நாட்களிலேயே கொடுத்திருக்க வேண்டுமாம்.

"மொத தடவ வந்தப்பவே இருந்து ஒழுங்கா டெஸ்ட முடிச்சிருக்கலாமே?" என்றார்.

அந்த மருந்தையே செவிப்பறை வழியே ஊசியாகப் போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைக் குத்தினேன். உறுமல் கொஞ்சம் திரும்பி வந்தது. ஊசி போல மெலிந்த அந்த ஒலி வரவே இல்லை.

ஒரு காது சட்டென்று அடைத்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள். சளி என்று சும்மா இருக்காதீர்கள். அன்றே போங்கள். போய், கேட்காததைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள்.

இப்போது செல்வம் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான். நான் டோன் ஓட்டுகிறேன். ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவன் கையைத் தூக்கி வைத்திருப்பான். ஒரு நொடிகூடப் பொறுக்காத நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் சொல்லாமல் டோனை நிறுத்துவேன். கை உடனே இறங்கிவிடும். பல் போன சந்து தெரியச் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்வான்.

வலது காதை அவன் பக்கம் திருப்பி, இன்னொரு முறை சொல்லச் சொல்வேன்.