ஸ்டிக்கர் உரிக்கிறவன் சொல்லக் கூடாத சொல்லுகள்

ஒட்டுறதுக்கு ஒரு சொல் போதும். உரிக்கிறதுக்குத்தான் ஆளுக்கொரு சொல் வேணும். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட பதினொரு வருசமாய் ஸ்டிக்கர் கடை வைச்சிருக்கிறன். இங்கிலீசு தெரிஞ்சவை "ரிமூவ்" எண்டுவினம். கிண்ணியா ஆக்கள் "பிச்சிப் போடுங்க" எண்டுவினம். சனத்தோட மாரடிக்கிற ஆக்களுக்கு என்ர பாடு விளங்கும்.

கலவன்ன

சிங்கள ஆட்டோக்காரர் ஒருத்தர் வந்து "கலவன்ன" எண்டார். அவையளுக்குச் சட்டை கழட்டுறதும் அதுதான், சில்லுக் கழட்டுறதும் அதுதான். முன் கண்ணாடியில ஏழு ஸ்டிக்கர். எல்லாத்தையும் சூடு காட்டி எடுத்தன். ஏறி இருந்து பார்த்தவர், இறங்கி வந்து தமிழிலயே சொன்னார்: "இப்ப றோட்டு முழுக்கத் தெரியுது. பயமா இருக்கு."

கழட்டு

எங்கட துறையில மீன்பிடிச்ச செபஸ்தி அண்ணை செத்து வருசம் திரும்பேல்ல. மனுசி ராணி அக்கா அவற்ர வள்ளத்தை மூதூர் ஆளொருத்தருக்கு வித்துப்போட்டா. அதில "செபராணி" எண்டு ரெண்டு பேரின்ர பெயரையும் சேர்த்து, அண்ணை சொல்லி, நான்தான் ஒட்டினனான். வாங்கினவர் தன்ர பெயரை ஒட்டக் கேட்டார்.

பழசை உரிக்கட்டோ எண்டு கேட்டன். அக்கா முகத்தைத் திருப்பினா. சரி, கழட்டுறன் எண்டன். தாலி கழட்டின மனுசியிட்டச் சொல்லுற சொல்லோ அது? எனக்கு என்னிலயே கோபம் வந்தது. அக்கா ஆறுதலாச் சொன்னா: "எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ தம்பி. முழுசா எடுத்துத் தாங்கோ, வீட்டுச் சுவரில ஒட்டப் போறன்."

முழுசா

நாலு வருச வெயிலும் உப்புக் காத்தும் குடிச்ச ஸ்டிக்கர் முழுசா வராது. தெரிஞ்சும் ஓம் எண்டுட்டன். ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்ல. சூடு காட்டி நகத்தால நுனியைக் கிளப்பினன். முதல் எழுத்தே அப்பளமாய் நொறுங்கிச்சு. மிச்சமும் அப்பிடித்தான். அக்கா துண்டுகளை ஒரு பைக்குள்ள பொறுக்கினா. எனக்கு வெக்கமாப் போச்சு.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சால், ஸ்டிக்கர் இருந்த இடத்தில மட்டும் வள்ளத்தின்ர நீலப் பெயின்ற் வெளிறாமல் கிடக்கு. "செபராணி" எண்டு பளிச்செண்டு வாசிக்கலாம். பெயின்ற் அடிச்சு மறைக்கிறன் எண்டு வாங்கினவரிட்டச் சொன்னன். அவர் வள்ளத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இருக்கட்டும். இவங்க கடல் தெரிஞ்ச ஆக்கள். என்ட பேர அடுத்த பக்கம் ஒட்டுங்க." அக்கா அப்பதான் அழுதா.

அண்டையில இருந்து, ஒரு பெயரை முழுசா எடுத்துவிடுவன் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்ல.