கேட்டுக்கு வெளியே விழுந்த சோறு

செலண்டார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்த காலம் அது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு சண்டை போடுபவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, ஒரு பிடி சோற்றைக்கூடக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிடிபட்டவர்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிவிடும். பெண்களைச் சோதித்து அனுப்பும் வேலை என் சின்னம்மாவுக்கு. அதனால் நாங்கள் குடியிருந்த லயத்தில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்காளான என் அம்மாகூட அளந்துதான் பேசுவாள்.

அந்தப் பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்து வீட்டுப் பாக்கியமும் ரப்பர் நாற்று மேடையில் களை பிடுங்கப் போனோம். அது வேலிக்கு வெளியே, இடுகாட்டை ஒட்டி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் பாக்கியத்தின் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். காரியத்தன்று லயத்துக்குப் பின்னால் இலை போட்டுக் காகத்தைக் கூப்பிட்டார்கள். வெகுநேரம் கூப்பிட்டும் ஒரு காகமும் வரவில்லை. வெயில் ஏறியதும் பெரியவர்கள் இலையை எடுத்துவிட்டார்கள்.

பாக்கியம் அழவில்லை. மறுநாள் களை பிடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"எங்கம்மா வேலிக்கு இந்தப் பக்கம்தானே படுத்திருக்காங்க. அங்க உள்ளாற வெச்சா எப்படிலா வருவாங்க? கேட்டுல அவங்களையும் நிப்பாட்டுவாங்கல்ல?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த நாள் காலையில் அவள் பாவாடை நாடாவுக்குள் வாழையிலைப் பொட்டலம் ஒன்றைச் செருகியிருந்தாள். பழைய சோறு. என் சின்னம்மாதானே, விட்டுவிடுவாள் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

சின்னம்மாவின் கை பாக்கியத்தின் இடுப்பில் நின்றது. அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பெஞ்சில் இருந்த போலீஸ்காரர் எழுந்து வருவதற்குள், பாக்கியத்தின் கன்னத்தில் பளார் என்று ஓர் அறை விழுந்தது.

"வேலைக்குப் போறப்பக்கூட வாய் சும்மா இருக்காதா? வீட்டுல தின்னது பத்தலயா, தின்னிப் பண்டாரம்!"

அம்மா போனதிலிருந்து பாக்கியம் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அது சின்னம்மாவுக்கும் தெரியும். பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்து, கேட்டுக் கம்பத்துக்கு மேலாக வெளியே வீசி எறிந்தாள். செம்மண் பாதையில் சோறு சிதறியது. போலீஸ்காரர் சிரித்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

நாங்கள் கேட்டைத் தாண்டினோம். எனக்குத்தான் அழுகை வந்தது. கொஞ்ச தூரம் போய்ப் பாக்கியம் நின்றுவிட்டாள். இடுகாட்டு மரத்திலிருந்து இறங்கிய காகங்கள் பாதையில் கிடந்த சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. கடைசிப் பருக்கை தீரும்வரை அவள் அங்கிருந்து அசையவில்லை.

அன்று சாயங்காலம் பாக்கியம் சீப்பை எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அறைந்தவள் தன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அறை வாங்கியவள் அவள் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பாக்கியத்துக்காக நான் சின்னம்மாவோடு பேசாமல் இருந்தேன். பாக்கியமோ தினமும் அவளிடம் போய் வந்தாள்.

சோதனைக்கு நிற்கும் இடத்தில், சின்னம்மாவின் காலடியிலேயே ஒரு சாக்கடை ஓடியது. எறிவதாக இருந்தால் சோற்றை அதிலேயே எறிந்திருக்கலாம். அந்த வயதில் எனக்கு அது தோன்றவில்லை.