தொம்மலூரின் நீலக் கண்ணாடி

இன்று ஜன்னல் கண்ணாடிக்குப் பூசிய பசையின் புளித்த வாடை என்னை நான் வளர்ந்த தொம்மலூருக்கே இழுத்துப் போய்விட்டது. இப்போது இடித்துவிட்ட அந்த நீலக் கண்ணாடிக் கட்டடம் எங்கள் சந்து முனையில் எழும்பியபோதும் இதே வாடைதான். வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி என்பதால், வேலைக்குக் கிளம்பும் அம்மா தினமும் அந்தக் கட்டடத்தின் முன் நின்று, தலை முதல் கால் வரை தன்னைப் பார்த்து, கொசுவத்தைச் சரிசெய்து, பொட்டை அழுத்திவிட்டு, "எப்படிடி இருக்கேன்?" என்று ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

"போம்மா, பஸ் போயிடும்" என்பேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அம்மா இறந்த மறு வருடம் அதே கட்டடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உள்ளிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரிகிறது என்று முதல் நாள்தான் தெரிந்தது. அத்தனை வருடமும் யார் யாரோ அவளைப் பார்த்திருக்கிறார்கள். அவள் நின்ற இடத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ரொம்ப அழகா இருக்கம்மா."