அத்தானைப் போலவே

இசைக்குழுக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் பச்சோந்தி. சர்க்கஸ் கூடாரம், விளம்பரப் பதிவு, நடனப் பள்ளி, ஜாஸ் குழு என்று எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்து டிரம்மராகவே மாறிவிடுவான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் போன் அவனுக்குத்தான். "ஊருக்குக் காய்ச்சல் வந்தா எனக்குச் சோறு" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அவனுடைய அத்தானும் டிரம்மர்தான், ஆனால் நேர்மாறு. வருடக்கணக்காக ஒரே நாடக அரங்கு, ஒரே வாசிப்பு. அவருடைய இடது கை தாளத்துக்கு மயிரிழை பிந்தி விழும். பாடுகிறவர்கள் அந்தப் பிந்தலில் சாய்ந்துகொண்டு பாடுவார்கள். பக்கவாதம் அந்தக் கையைத்தான் பிடித்தது.

அக்கா அவன் அறை வாசலில் வந்து நின்றாள். "வெளியாள் உக்காந்தா இடம் போயிடும்டா. அவர் எழுந்து வர்ற வரைக்கும் நீ போ."

"ஆள் மாறினதே தெரியாம பாத்துக்கறேன்க்கா."

சொன்னபடியே செய்தான். பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அந்தப் பிந்தலைக் கைக்குக் கொண்டுவந்தான். அத்தான் வழக்கமாக அவசரப்படும் இடத்தில் அவனும் அவசரப்பட்டான். அவருடைய வாசிப்பு அங்கே ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அவரை மறக்க மாட்டார்கள் என்று நம்பினான். முதலில் "எப்படி இருக்கார்?" என்று விசாரித்தவர்கள் மெல்ல விசாரிப்பதை விட்டார்கள்.

ஒருநாள் ஒத்திகைக்கு அத்தானே வந்தார்.

"என்னண்ணே, மச்சானை வேலைக்கு அனுப்பிட்டு நல்லாத் தூங்கினீங்களா?" என்றார் கிட்டார்காரர்.

அத்தானின் வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. ஏறி உட்கார்ந்து வாசித்தார். கை எழும்பியது, விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை. பாடகி பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

குழுத்தலைவர் குரலைத் தணித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க வாசிப்பு மாதிரியே இல்ல. தம்பி வாசிச்சா நீங்க வாசிக்கிற மாதிரி இருக்கு."

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்க சார்," என்றான் பச்சோந்தி.

"பாத்தாச்சு தம்பி. இனி நீயே உக்காந்துக்கோ. முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பாக்கறேன்."

அத்தான் அவன் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் சுமாரா வாசிச்சுத் தொலைச்சிருக்கலாம்லடா. என்னைத் தேடியிருப்பாங்க."

அவர் மெதுவாக இறங்கி, குனிந்து, நல்ல கையால் ஸ்டூலின் திருகைத் தளர்த்தி, அவன் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார்.

"உக்காரு. அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."