இருபத்திரண்டு வினாடிகள் அழுத்திய பொத்தான்

1. எட்டாவது சுற்று

எட்டாவது சுற்று தொடங்கியபோது எங்கள் அணியின் கார்கள் இரண்டும் முதல் இரண்டு இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. பார்வையாளர்களுக்கு அது கொண்டாட்டம். ஓடுபாதையோரத்தில் அணி நின்று கார்களைக் கவனிக்கும் எங்கள் பிட்டிலோ ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கார்கள் வேண்டாத வரிசையில் ஓடின.

முன்னால் சிவா, பின்னால் ருவன். அந்தப் பருவத்தின் புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் ருவன். அன்று அவர் வென்றால் சாம்பியன் பட்டம் அணிக்கு ஏறத்தாழ உறுதி. சிவா மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். வாரநாட்களில் பிலிமத்தலாவையிலுள்ள எங்கள் கராஜில் மெக்கானிக், பந்தய நாட்களில் இரண்டாவது காரின் ஓட்டுநர். மூன்று பருவங்களில் ஒரு பந்தயத்தையும் அவர் வென்றதில்லை. "ஒருக்கா வெண்டு காட்டு, அடுத்த வருசம் புதுக் கார் உனக்குத்தான்" என்று மனேஜர் தயாளன் அண்ணை அவருக்கு வாக்களித்திருந்தார்.

நான் ரேடியோவில் இருந்தேன். பள்ளி நாட்களில் விவாத அணியின் தலைவியாக இருந்தவள் நான். எதிரணியின் வாதத்தை அது எழுந்து நிற்கும் முன்பே முறிப்பவள் என்று கண்டியில் பெயரெடுத்தவள். அந்தப் பெருமையை இன்றும் நான் மறைப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே நிலைகொண்ட தயாளன் அண்ணை ஒரு மேடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, நடுவர் விசாரணைகளில் அணிக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று என்னை வேலைக்கு எடுத்தார். சிவாவின் ரேடியோவும் பந்தயக் குறிப்பேடும் பிறகு என் பொறுப்புக்கு வந்தன. ருவனின் ரேடியோ தயாளன் அண்ணையின் கையில் இருந்தது.

"சொல்லும் பிள்ளை" என்றார் அவர்.

"என்னத்தைச் சொல்ல, அண்ணை?"

"வேறென்ன, வழி விடச் சொல்லும். இந்தச் சுத்து முடிய முன்னம் ருவன் முன்னால வரோணும். நான் அவனுக்குச் சொல்லிப்போட்டன், சிவா விடுவான் எண்டு."

"அப்ப சிவா அண்ணாவுக்குக் குடுத்த வாக்கு?"

"வாக்கும் இருக்கு, பட்டமும் இருக்கு. ரெண்டையும் நான் பாக்கிறன். நீர் பொத்தானை அமத்தும்."

அழுத்தினேன்.

எங்கள் தொழிலில் இந்த உத்தரவுக்கு இரண்டு சொற்கள் போதும்: 'வழி விடு.' எல்லா அணிகளும் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. தன் ஒரே வாய்ப்பைக் கைவிடச் சொல்லப்படும் மனிதருக்குக் காரணம் கேட்க உரிமை உண்டு என்று கருதினேன். ஆகவே காரணங்களை அடுக்கினேன். இது உங்கள் திறமையின்மீது வழங்கப்பட்ட தீர்ப்பல்ல என்றேன். கார்கள் இரண்டானாலும் பட்டம் ஒன்றே என்றேன். இன்று நீங்கள் விட்டுக்கொடுக்கும் இடத்தை நாளை அணி உங்களுக்குத் திருப்பித் தரும் என்றேன். வாக்கியங்கள் நன்றாகவே அமைந்தன.

அந்த ரேடியோவில் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை என் குரல் போகும். மறுமுனையின் குரல் வராது. வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கற்றுத்தரப்பட்ட செய்தி அது.

விரலை எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: "8ஆம் சுற்று. உத்தரவு வழங்கப்பட்டது. மறுமொழி இல்லை." உத்தரவின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் விதிப்படி அருகில் குறித்தேன்.

அந்த ஓடுபாதை கலகெதரவுக்கு அப்பால், பழைய இறப்பர் தோட்டமொன்றை வெட்டிச் சமன்செய்து அமைத்தது. செம்மண் புழுதியில் மறுபக்கம் பிட்டுக்குத் தெரியாது. புழுதிக்குள்ளிருந்து கார்கள் வெளிப்பட்டபோது சிவா இடப்பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, கையை வெளியே நீட்டி அசைத்துக்கொண்டிருந்தார். ருவன் அவரைக் கடந்தார். என் வாதம் வென்றது என்று நினைத்தேன். அந்த நினைப்பு நேர்பாதையின் பாதிவரைதான் நீடித்தது.

ருவனின் காரின் முன்மூடியான பொனட் எழுந்து முன்கண்ணாடியில் அடித்தது. பாதை தெரியாமல் கார் டயர்ச் சுவரில் மோதித் திரும்பி நின்றது. பந்தயத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டினார்கள்.

2. "ஏதோ பேசிக்கிட்டே இருந்தீங்க"

ருவனின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது, வேறு காயமில்லை. பந்தயம் பாதியைத் தாண்டியிருந்ததால், கடைசியாக முழுமையடைந்த ஏழாவது சுற்றின் வரிசையையே முடிவாகக் கொள்வது விதி. அந்தச் சுற்றில் முதலில் இருந்தவர் சிவா. வெற்றி அவருக்கே.

அவர் அதைக் கொண்டாடவில்லை. ருவனை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நான் கத்திக்கிட்டே இருந்தேனே, கேக்கலையா?"

"எதுவும் வரலையே அண்ணா."

"மூணு தடவ கூப்புட்டேன். ருவனோட பொனட் பூட்டு கழண்டிருச்சு, ஆடுது, நிப்பாட்டச் சொல்லுங்கன்னு. நீங்க ஏதோ பேசிக்கிட்டே இருந்தீங்க. அப்புறம்தான் ஒதுங்கி, கையக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவரு வழி விடுறேன்னு நெனச்சு போயிட்டாரு."

பொத்தானை விடாமல் அழுத்தியிருந்த என் விரல் நினைவுக்கு வந்தது. அதற்குள் ஓடுபாதைப் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல் ஒருவர் சிவாவைத் தேடி வந்துவிட்டார். பொனட் ஆடியதைக் கண்ணாடியில் பார்த்ததாகச் சிவா ஏற்கனவே அவரிடம் சொல்லியிருந்தார். இன்னொரு காரின் ஆபத்தைக் கண்டும் அறிவிக்காத ஓட்டுநருக்கு இரண்டு ஆண்டு லைசென்ஸ் தடை. அந்த ஆபத்தால் வெற்றியும் பெற்றவரை யார் நம்புவார்கள்?

விசாரணை அறை வாசலில் தயாளன் அண்ணை என்னை நிறுத்தினார்.

"ஒண்டும் கூட்டிச் சொல்ல வேண்டாம் பிள்ளை. செய்தி வரேல்லை எண்டு மட்டும் சொல்லும். அது உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா சிவா அண்ணாவோட லைசென்ஸ்?"

"அவனுக்குக் கராஜில வேலை இருக்கு. ரேடியோவில பிழை எண்டால் தடை அணிக்கு. பிறகு நாங்கள் எல்லாரும் வீட்டிலதான் இருக்கோணும். நீரும்தான்."

3. நான் ஆற்றிய மிகக் குறுகிய உரை

நடுவர் குழுவின் தலைவரை எல்லோரும் ஹாஜியார் என்றே அழைப்பார்கள். தகரக் கூரை போட்ட அந்த அறையில் சிவா அவர் முன்னால் தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி இருந்தார்.

"மகன், பொனட் ஆடினத்த நீங்க கண்டீங்களா?"

"கண்டேன் ஹாஜியார்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னேன். யாருக்கும் கேக்கல."

"யாருக்குச் சொன்னீங்க, காத்துக்கா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஹாஜியார் என் குறிப்பேட்டைத் திறந்து வாசித்தார். "'மறுமொழி இல்லை.' இது ஓங்கட எழுத்துதானே மகள்?"

"ஆமாம்."

எத்தனையோ மேடைகளில் நடுக்கமின்றி நின்றவள் நான். அன்று குறிப்பேட்டைப் பார்த்தபடி எழுந்தேன். செய்தி வரவில்லை என்ற வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைச் சொன்னால் ஒருவர் ஓட்டுநராக இருப்பது அத்தோடு முடியும்; என் வேலை தொடரும். தயாளன் அண்ணை என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்தி வராததற்குக் காரணம் நான்" என்றேன். "அவர் கூப்பிட்ட நேரம் முழுவதும் நான் பொத்தானை விடவில்லை."

"எவ்வளவு நேரம்?"

"இருபத்திரண்டு வினாடி. தொடக்கமும் முடிவும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்."

ஹாஜியார் கண்ணாடியை உயர்த்தி அந்த வரியை மறுபடி பார்த்தார். "வழி விடுன்னு சொல்ல இருபத்திரண்டு வினாடியா?"

"காரணங்களும் சொன்னேன்."

"காரணத்த யாரு கேட்ட?"

அமர்ந்தேன்.

சிவாவின் லைசென்ஸும் வெற்றியும் நிலைத்தன. அணிக்கு ஒரு பந்தயத் தடை விதித்தார்கள். ருவன் கைக்கட்டோடு இருந்த அந்த மாதத்தில் பட்டமும் போயிற்று. தயாளன் அண்ணை என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மூன்று வாரம் பேசாமல் மட்டும் இருந்தார். வாக்களித்த புதுக் காரைச் சிவாவுக்குக் கொடுத்தார்.

கராஜில் ஒருநாள் சிவாவிடம் கேட்டேன்: "பொனட் ஆடாமல் இருந்திருந்தால் வழி விட்டிருப்பீங்களா அண்ணா?"

கையிலிருந்த கிறீஸைத் துடைத்தபடி சிரித்தார். "நீங்க சொன்னதுல பாதி எனக்கு விளங்கவே இல்ல தங்கச்சி. விளங்கியிருந்தா, மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

அந்த 'மாட்டேன்' வருவதற்கும் நான் வழி விட்டிருக்கவில்லை. அணி உத்தரவு நியாயமா என்று மேடையில் இரு பக்கமும் நின்று என்னால் இன்றும் வாதிட முடியும். பிட்டில் அமர்பவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: உத்தரவை இரண்டு சொல்லில் சொல்லுங்கள், விரலை எடுங்கள், வருவது எதுவானாலும் அதைக் கேட்டு எழுதுங்கள். கேட்கப்படாத மனிதரின் மௌனத்தைச் சம்மதம் என்று குறிக்க எவருக்கும் உரிமையில்லை.

அடுத்த பருவத்தின் இரண்டாவது பந்தயத்திலேயே அதே நிலைமை வந்தது. "வழி விடுங்க, அண்ணா" என்று சொல்லி விரலை எடுத்தேன்.

"முடியாது தங்கச்சி."

எழுதினேன்.

"என்னவாம்?" என்றார் தயாளன் அண்ணை.

"முடியாதாம், அண்ணை."

அவர் ருவனின் ரேடியோவை எடுத்தார். "அவன் விடமாட்டானாம். ஏலுமெண்டால் ஓடிப் பிடி."