முதல் வரிக்கு ஒரு சத்தியக்கடதாசி

சாவகச்சேரியில், சத்தியக்கடதாசி முடிக்க, சமாதான நீதவான் வீட்டு விறாந்தையில் அன்று அம்மா, மாமா, நான் மூவரும் இருந்தோம். அண்ணை இல்லை, வெளிநாட்டில் தடுப்பு முகாமில் இருந்தார். அவரைத் திருப்பி அனுப்பும் கட்டளையை அந்த நாட்டு நீதிமன்றம் மீளாய்வு செய்ய இன்னும் மூன்று கிழமை.

பிழை என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். கடிதமெல்லாம் நானே எழுதுவேன். அண்ணையைத் தேடி ஆட்கள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்ததை, அவருடைய வழக்குக்காக அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பழகியபடி, "இங்கு நாங்கள் யாவரும் நலம்" என்று தொடங்கிவிட்டேன். குடிவரவு அதிகாரி அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். குடும்பமே நலமாக இருக்கும் ஊரில் இவருக்கென்ன ஆபத்து என்று மனுவை நிராகரித்தார்.

நாங்கள் எப்போதும் இப்படித்தான் எழுதுவோம் என்பதற்கு அண்ணையின் சட்டத்தரணி ஆதாரம் கேட்டார். அதை மாமா கொண்டுவந்தார். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில், கொழும்பிலிருந்த அவருக்கு நான் பத்து வயதில் எழுதிய கடிதம். நீதவான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உரத்து வாசித்தார்.

"நாங்கள் யாவரும் நலம். அப்பா செத்துப்போனார். அந்தியேட்டியும் முடிந்தது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "செத்தவீட்டுக் காகிதத்திலையும் நலமோ, தம்பி?"

"ஓம் ஐயா. எழுதாட்டி வாத்தியார் புள்ளி வெட்டுவார்."

"நான் ஆக்கள் வந்ததை மட்டும்தான் சொன்னனான்," என்றார் அம்மா. "நலமெண்டது உவன்ரை சோடினை."

"அண்டைக்கு எனக்கு அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை," என்றார் மாமா.

வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் போய்விட்டது. இந்தக் கடிதத்தை வாசிக்கும் எந்த நீதிபதிக்கும் விளங்கும். அம்மா தன் சத்தியக்கடதாசியில் பெருவிரல் அடையாளம் வைத்தார். என்னுடையதில் நான் கையொப்பமிட்டேன்.

நீதிபதிக்கு விளங்கியது. ஒரு வரியை மட்டும் வைத்து முடிவெடுத்தது நியாயமில்லை என்று அதிகாரியின் முடிவை இரத்துச் செய்தார். வேறோர் அதிகாரி புதிதாக விசாரித்து, அண்ணை அங்கேயே இருக்க அனுமதி கொடுத்தார்.

அன்று அண்ணை தொலைபேசியில் கேட்டார். "எல்லாமா எவ்வளவடா முடிஞ்சது?"

அம்மா பறித்துக்கொண்டார். "உனக்கேன் உந்தக் கதை? சாப்பிட்டியோ?"

சட்டத்தரணி, மொழிபெயர்ப்பு, தபால் எல்லாம் சேர்த்து பதினேழு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா.